மூன்று கிடாரமும் ஒரு வேலிப்பொட்டும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளே. வாசலோரம் இருந்தால் களப்புக் காற்று பாதிக் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பசித்தவர் யாராவது இருந்தால் முதலில் ஒரு வாய் தின்றுவிட்டு வந்து இருங்கள். இது கஞ்சிக் கதை, பசியோடு கேட்டால் பாதியில் எழும்பி அடுப்படிக்கு ஓட வேண்டி வரும். ஒரு கழுதையும் வருகிறது, கொஞ்சம் கணக்கும் வருகிறது. கணக்கென்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். புளியங்கொட்டை எண்ணத் தெரிந்தால் போதும், இந்தக் கணக்கு உங்களுக்கு வசப்பட்டுவிடும்.

கற்பிட்டி வீதியில், களப்பு என்கிற உப்புநீர் ஏரியைப் பார்த்தபடி கண்டல்முனை என்று ஓர் ஊர். அங்கே பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை, ஒழுங்கையில் ஒன்பது வீடு. தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்களின் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே அந்த மண்ணில் இருப்பவர்களும் இருந்தார்கள். கோயில் ஊரான முன்னேஸ்வரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பாக்கியம்மாவும் இருந்தாள். நோன்புக் கஞ்சிக்கு முதலில் கோப்பை கழுவி வைப்பது அவள்தான்.

வீட்டுக்கு வீடு தென்னோலை பின்னிய கிடுகு வேலி, வேலிக்கு வேலி பொட்டு. ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குக் கிடுகை நீக்கி வைத்த வழியைத்தான் பொட்டென்று சொல்வார்கள். வீதியால் போவதென்றால் அபாயா போட வேண்டும், செருப்புத் தேட வேண்டும், உப்பு லொறி போகும்வரை ஓரத்தில் நிற்க வேண்டும். பொட்டால் போவதென்றால் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டால் போதும். அந்த ஒழுங்கைப் பெண்டுகளின் ராசபாட்டை அதுதான்.

நோன்பு மாதத்தில் அந்தப் பாதைக்கு ஒரு வழக்கம் உண்டு. கஞ்சி ஒரு பொட்டைத்தான் தாண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, பட்ட அனுபவம். சுடச்சுடக் கஞ்சி ஜக்கோடு பக்கத்து வளவுக்குள் நுழைந்தால் ஒரு ஸலாம், அவ்வளவுதான். அதையும் தாண்டி அதற்கடுத்த வளவுக்குப் போகப் பார்த்தால் நடுவீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொள்வாள். மருமகன் கட்டாரிலிருந்து கதைத்தாரா, மூத்தவளுக்கு எத்தனை மாதம், அந்தச் சட்டைத் துணி எந்தக் கடையில் எடுத்தது என்று ஆரம்பித்தால் பாங்கு சொல்லும்வரை விடமாட்டாள். கஞ்சியில் ஆடை படிந்துவிடும், அந்தப் பக்கத்து வீட்டில் வெறும் ஈத்தம்பழத்தோடு நோன்பு திறந்திருப்பார்கள்.

வழக்கமாகப் பள்ளிவாசல் குசினியில்தான், கிடாரம் என்கிற பெரிய அண்டாக்களில் கஞ்சி காய்ச்சுவார்கள். அந்த வருஷம் குசினிக் கூரை கழற்றிக் கிடந்தது, பெருநாளைக்கு முன் முடியாது என்று மேசன் கையை விரித்துவிட்டான். பள்ளி நிர்வாகத்தின் செயலாளர் மிஹ்லார், மைக் இல்லாமலே மைக் போட்டதுபோல் கதைக்கிற மனிதர். ஒழுங்கை ஆட்களைக் கூட்டி ஒரு யோசனை சொன்னார்: "பெரிய கிடாரம் மூணு இரிக்கு. வீதியோரம் தறப்பாள் கட்டி அங்கேயே காய்ச்சுவம். எல்லாரும் ஜக்கோட வந்து வரிசையில நில்லுங்க. சுகமான வேலை."

பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து, அண்ணனை நானா என்று அழைக்கிற அந்த ஊர் வழக்கில், ஒரு குரல் வந்தது. "யாருக்குச் சுகம், மிஹ்லார் நானா?"

அந்தக் குரல்தான் நம்முடைய ஸுல்பிகா. களப்பில் வலை போடுகிற லாபிரின் மனைவி. ஒரே மகள் அக்கீலா பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். ஸுல்பிகா நாற்பத்தைந்தைத் தாண்டியவள், நெஞ்சில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவள்.

"அஸர் தொழுகைக்குப் பிறகு எங்களுக்கு அடுப்புல எண்ணெய்ச் சட்டி. உம்மு குல்சூம் மாமிக்கு முழங்கால் ஏலாது. வீதியில லொறி. நாங்க வந்து வரிசையில நிக்கவா? கிடாரம் மூணையும் எங்கட ஒழுங்கைக்குத் தாங்க. மூணு வீட்டுல காய்ச்சுறம். ஒரு கால் வீதியில படாம ஒன்பது வீட்டுக்கும் கஞ்சி போகும்."

"ஒன்பது வீட்டுக்கும்?"

"ஒன்பதுக்கும்."

மிஹ்லார் தாடியைத் தடவினார். "நல்லம். தாறன். ஆனா ஒரு நாளைக்கு ஒரு வீட்டுப் பங்கு போகாட்டிக்கூட அடுத்த நாள் கிடாரம் மூணும் தறப்பாளுக்குள்ள வந்துடும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். ஒழுங்கை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்ன சொல் சொன்னதுதான்.

இனி ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும், பொறுங்கள். ஸுல்பிகாவின் வளவுக்கு ஒரு பக்கம் களப்பு, ஒரு பக்கம் மத்ரஸாவின் மதில், முன்னால் வீதி. மிஞ்சிய பக்கத்தில்தான் ஜுமானாவின் வீடு. அந்த வேலியில் இருந்த பொட்டுத்தான் ஸுல்பிகாவுக்கு ஒழுங்கைக்கான ஒரே வழி. அதன் வழியாக உப்புப் போனது, கறி வந்தது, அக்கீலா குழந்தையாகத் தவழ்ந்து போனாள். இரண்டு பெண்களும் கதைத்துக் கதைத்து அந்தப் பொட்டின் ஓரத்துக் கிடுகு வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தது.

அந்த நோன்புக்கு முந்திய ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு ஒரு கழுதை அதன் வழியாக வந்தது. யாருடைய கழுதையும் அல்ல, வீதியில் திரிகிற நாட்டுக் கழுதை. வந்தது ஸுல்பிகா விதை போட்டு, தண்ணீர் தெளித்து, நிழல் கட்டி வளர்த்த கறிமிளகாய்க் கன்றுகளை ஒன்று மிச்சமில்லாமல் மேய்ந்துவிட்டு, மரியாதையாக வந்த வழியே போனது.

"உன்ட கழுதை என்ட கன்றெல்லாத்தையும் திண்டுட்டு" என்றாள் ஸுல்பிகா, பொட்டில் தலையை நீட்டி.

"என்ட கழுதையா? நானா அதுக்குப் பேர் வெச்சன்?"

"பூசணித் தோல் போட்டுப் பழக்கினது யாரு?"

"ரெண்டு தோல் போட்டா நன்றி இரிக்கும் எண்டு போட்டன்." ஜுமானா அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கண்ணும் எரிந்தது, வாயும் எரிந்தது. "மனுசருக்கு எவ்வளவோ போட்டும் நன்றி இல்ல, கழுதைக்கு எங்க இரிக்கப் போகுது."

அவ்வளவுதான். அன்றைக்கு அந்திக்குள் ஸுல்பிகா இரண்டு புதுக் கிடுகு வாங்கி, லாபிரின் வலைக் கயிற்றால் பொட்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். முடிச்சு மீனவன் வீட்டு முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். அதன் பிறகு இரண்டு பேரும் கதைப்பதில்லை. முதலில் யார் வாய் திறப்பது என்பதில் மாதங்கள் போய்விட்டன.

சரி, கணக்குக்கு வருவோம்.

நோன்புக்கு முந்திய வாரம் ஸுல்பிகா பாயில் ஒன்பது புளியங்கொட்டையை வீடு வீடாகப் பரப்பினாள். எந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் பொட்டு இருக்கிறதோ அங்கே ஓர் ஈர்க்குத் துண்டு வைத்தாள். கிடாரத்துக்கு மூன்று மட்டி ஓடு. ஓடு எந்தக் கொட்டையில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குக் கஞ்சி உண்டு, அதிலிருந்து ஈர்க்குப் போகிற கொட்டைகளுக்கும் உண்டு. ஒரு கொட்டையும் பட்டினி கிடக்கக் கூடாது. இதுதான் கணக்கு.

அந்த நேரம் பார்த்து முஃபீதா வந்தாள், வீதியால், அபாயாவோடு. ஒழுங்கையின் நடுவீட்டுக்காரி. புதுக் குசினி கட்டி, சுவரில் மாபிள் ஒட்டி, பார்க்க ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, இதுல என்ன யோசனை? எங்கட வீட்டுக்குத்தான் நாலு பொட்டு. ஒழுங்கையிலேயே கூட. முதல் கிடாரம் எங்களுக்குத்தான் வரோணும்."

நியாயமாகத்தான் பட்டது. ஸுல்பிகா ஒரு மட்டி ஓட்டை முஃபீதாவின் கொட்டையில் வைத்தாள். அவள் வீட்டோடு ஐந்து வீடு ஒரேயடியாக முடிந்தது. மிச்ச இரண்டு ஓட்டையும் இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். எப்படி வைத்தாலும் ஏதோ ஒரு மூலை வீடு பட்டினி. றவூப் வீட்டைப் பிடித்தால் ரிப்கான் வீடு விடுபட்டது, ரிப்கான் வீட்டைப் பிடித்தால் சாஹுல் ஹமீது வீடு விடுபட்டது.

"நாலு கிடாரம் கேளுங்க" என்றாள் முஃபீதா.

"மூணுல செய்றன் எண்டு சபையில சொல்லிப்போட்டன், புள்ள."

பாயைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அக்கீலாவே அழைத்தாள், சிரிப்பு முதலில் வந்தது, ஸலாம் பிறகு வந்தது.

"உம்மா, நீங்க செய்றது என்ன தெரியுமா? வரைபுக் கொள்கை. நாங்க போன மாசம் படிச்சம். இதுக்குப் பேர் ஆட்சித் தொடை."

"தொடையா? நோன்பு வாற நேரத்துல என்ன கதை இது."

"கணக்குல வாற தொடை உம்மா, ஒரு கூட்டம் புள்ளி எண்டு அர்த்தம், நீங்களும் படிச்சதுதானே. கொஞ்சப் புள்ளியைத் தெரிவு செய்றம். மிச்சப் புள்ளி ஒவ்வொண்டும் தெரிவு செஞ்ச ஒண்டுக்காவது பக்கத்துல இரிக்கோணும். ஆகக் குறைஞ்சது எத்தனை புள்ளி வேணுமோ அதுதான் ஆட்சி எண். உங்கட பாய்க்கு எத்தனை எண்டு பார்ப்பம்."

"மூணு எண்டு சொல்லு, மகள்."

"நான் சொல்றதால வராது, ஈர்க்குத்தான் சொல்லோணும். முதல்ல கூடின பொட்டுள்ள வீட்டைப் பார்க்காதீங்க. ஒரே ஒரு பொட்டுள்ள வீட்டைப் பாருங்க. அது வழியில்லாத வீடு. அதுக்குக் கிடாரம் ஒண்டில் அதுலயே இரிக்கோணும், இல்லாட்டி அதுட ஒரே பக்கத்து வீட்டுல இரிக்கோணும். வேற வழியில்ல. அதுலயே வச்சா ரெண்டு வீடுதான் முடியும், பக்கத்துல வச்சா இன்னும் கூட முடியும். அப்ப பக்கத்துல வையுங்க."

ஸுல்பிகா பார்த்தாள். றவூப் வீட்டுக்கு ஒரே ஈர்க்கு, அது உம்மு குல்சூம் மாமியிடம் போனது. ரிப்கான் வீட்டுக்கு ஒரே ஈர்க்கு, நௌஃபர் வீட்டுக்குப் போனது. சாஹுல் ஹமீது வீட்டுக்கும் ஒன்றுதான், அது ஜுமானாவிடம். மூன்று மூலை, மூன்று வேறு வேறு பக்கத்து வீடு. மூன்றிலும் ஓட்டை வைத்தாள். முஃபீதாவின் கொட்டைக்கு மூன்று பக்கத்திலிருந்தும் கஞ்சி வந்தது. பாக்கியம்மாவுக்கு நௌஃபர் வீட்டிலிருந்து. தனக்கு ஜுமானா வீட்டிலிருந்து.

உங்களில் சிலர் விரலை நீட்டுகிறீர்கள், எனக்குத் தெரிகிறது. வாயைத் திறக்காதீர்கள். ஓம், அந்த ஈர்க்கைப் பாயில் வைத்தது அவளுடைய கைதான். பதினெட்டு இருபது வருஷம் போய் வந்த வழி, கை தன்பாட்டில் வைத்துவிட்டது. முஃபீதாவின் கண் முழுக்கத் தன் கொட்டையிலேயே இருந்ததால் அவளும் அதைக் கவனிக்கவில்லை. அக்கீலா விடுமுறைக்கு வந்தே ஒரு வருஷம் ஆகிறது, அவளுக்குக் கழுதைக் கதை தெரியாது.

"மூணு சரி, உம்மா. ரெண்டு ஒருநாளும் காணாது, மூணு போதும்."

"நாலு பொட்டு இரிந்தும் எனக்குக் கிடாரம் இல்லையா?" என்றாள் முஃபீதா.

"உனக்கு மூணு வீட்டுக் கஞ்சி வரும், புள்ள. எந்தக் கஞ்சி திறம் எண்டு சொல்லுற வேலை உனக்கு." அதோடு முஃபீதாவின் முகம் தெளிந்தது. மாபிள் பார்க்க மூன்று பேர் வருவார்களே.

முதல் நோன்பு வந்தது. மூன்று வளவிலும் புகை எழுந்தது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் றம்பையும் வெந்தயமும் சேர்ந்த வாசம் ஒழுங்கையில் மிதந்தது. ஸுல்பிகா வீதியால் உம்மு குல்சூம் மாமி வீட்டுக்குப் போய் நெருப்பைத் தணிக்கச் சொன்னாள், நௌஃபர் வீட்டுக்குப் போய் உப்புப் பார்க்காமலே உப்புப் போதும் என்றாள். ஜுமானா வீட்டுக்குப் போகவில்லை. கோபத்தால் மட்டுமல்ல, ஜுமானாவுக்குக் கஞ்சி காய்ச்சச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, அந்த ஒழுங்கையில் அதற்கு மேல் கை இல்லை.

நேரம் நெருங்க வீட்டுக்கு வந்தாள். வேலிகளுக்குள்ளால் ஜக்குகள் போவதும், ஒவ்வொரு பொட்டிலும் ஒரு ஸலாம் எழும்புவதும் கேட்டது. மூலை வீட்டுச் சாஹுல் ஹமீது "கஞ்சி வந்திட்டு" என்று உள்ளே சொன்னதுகூடக் கேட்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பாயை விரித்து, ஈத்தம்பழமும் தண்ணீரும் வைத்து, இரண்டு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பக்கத்து வளவில் யாரோ இருமினார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இருமினார்கள்.

"ஜுமானாவுக்குச் சளி போல" என்று நினைத்தாள்.

லாபிர் வந்து இருந்தார். கோப்பையை நிமிர்த்தினார். "கஞ்சி?"

"வரும்."

"எதால வரும்?"

ஸுல்பிகா வேலிப் பக்கம் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. புதுக் கிடுகு. மீனவன் முடிச்சு.

பாங்கு சொன்னது.

லாபிர் பிஸ்மி சொல்லி ஈத்தம்பழத்தைக் கடித்தார், தண்ணீர் குடித்தார், மெதுவாகத்தான் வாய் திறந்தார். "ஒன்பதுல எட்டு. மோசமில்ல. பாஸ் மார்க் கிடைக்கும்."

"நீங்க ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"கயிறு தந்தவன் நான். கயிறு தந்தவனுக்கு வாய் இல்ல." பிறகு வெறும் கோப்பையைத் தூக்கி மணந்து பார்த்தார். "வாசம் மட்டும் வந்திரிக்கு. நல்ல கஞ்சி."

அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எட்டு வீட்டுக்குக் கஞ்சி அனுப்பியவள் தேத்தண்ணீரோடு நோன்பு திறந்தாள்.

அடுத்த நாள் ளுஹர் தொழுதுவிட்டு மிஹ்லார் ஸ்கூட்டியில் வந்து வாசலில் நின்றார்.

"ஸுல்பிகா தங்கச்சி, நேத்து எல்லா வீட்டுக்கும் போச்சா?"

நோன்பாளி வாயால் பொய் வரக்கூடாது. ஸுல்பிகா கேள்வியைக் கேள்வியால் திருப்பினாள். "கஞ்சி வரல்ல எண்டு யாராச்சும் உங்ககிட்ட வந்து சொன்னாங்களா, நானா?"

"இல்ல."

"என்கிட்டயும் ஒருத்தரும் வந்து சொல்லல்ல."

பொய்யில்லை, ஆனால் பொய்யின் பக்கத்து வீடு. மிஹ்லார் ஸ்கூட்டியை உதைத்தார், பிறகு திரும்பினார். "இண்டைக்கு அஸருக்குப் பிறகு நானே வாறன். வாசல் வாசலா ஒன்பது வீட்டுலயும் கேட்பன். கோவிக்கக் கூடாது."

அவர் போனதும் அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று பாவமன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினாள். மகளுக்கு அழைத்தாள்.

"மகள், ஒரு வீட்டுக்குப் பொட்டே இல்லாட்டி என்ன செய்ற?"

"அது தனிப்புள்ளி, உம்மா. அதுக்கு ஒருத்தரும் கொடுக்க ஏலாது. அதுட கிடாரம் அதுக்குள்ளேயேதான் இரிக்கோணும். எந்தக் கணக்குப் போட்டாலும் அதை விட்டுட்டுப் போக ஏலாது." ஏதோ படபடவென்று கீறுகிற சத்தம். "அப்ப மூணு காணாது, நாலு வரும். மூணு மூலை வீட்டுக்கும் மூணு, தனிப்புள்ளிக்கு ஒண்டு. யார்ட வீடு அது?"

ஸுல்பிகா ஒரு புளியங்கொட்டையை உள்ளங்கையில் உருட்டினாள்.

"உம்மா, யார்ட வீடு?"

"ஒரு பக்கம் களப்பும் ஒரு பக்கம் மதிலும் உள்ள வீடு."

"எங்கட வீடா?" அக்கீலா கேட்டாள். பிறகு சத்தமில்லாமல் கழுதைக் கதை முழுவதையும் கேட்டாள், கறிமிளகாய்க் கன்றில் தொடங்கி வலைக்கயிற்று முடிச்சு வரைக்கும். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு கைபேசியில் கேட்டது.

"வேற பக்கம் ஒரு பொட்டு வைக்க ஏலாதா?"

"களப்புலயா வைக்கிற?"

"நாலாவது கிடாரம்?"

"மூணுல செய்றன் எண்டு சொன்ன வாய் இது."

"அப்ப உம்மா, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரே ஒரு கோடுதான் இரிக்கு. நான் கீறின படத்துல அது இன்னும் கிடக்கு. அழிக்கட்டுமா?"

ஸுல்பிகா வேலியைப் பார்த்தாள். ஒன்பது புள்ளியில் எட்டு ஒன்றோடொன்று கோடு போட்டுக் கைகோத்து நிற்க, ஓரமாக ஒரு புள்ளி தனியே நிற்கிற படம் கண்ணுக்குள் வந்தது. அந்தப் புள்ளியைச் சுற்றிப் புதுக் கிடுகு.

"அழிக்காத" என்றாள்.

அஸர் தொழுதாள். தொழுத கையோடு அடுப்படிக்குப் போய் மன்னாக் கத்தியை எடுத்தாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், அது மீனவன் முடிச்சல்லவா, அவளை விடப் பிடிவாதம். கத்தியைப் போட்டாள். கயிறு அறுந்தது. கிடுகு இரண்டையும் இழுத்து ஒரு பக்கம் சாய்த்தாள். பழைய பொட்டு அப்படியே இருந்தது, ஓரம் வழுவழுவென்று. ஜுமானா தன் பக்கத்தில் ஒரு குச்சிகூட நட்டு மறிக்கவில்லை. பொட்டுக்கு நேரே ஒரு சின்ன வாங்குப் பலகை மட்டும் போட்டிருந்தது.

ஜுமானா முற்றத்தில் கிடாரத்தின் முன்னால் நின்று துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கத்திச் சத்தம் கேட்டிச்சு. கள்ளன் எண்டு நினைச்சன்."

"கள்ளன் பகல்ல வருவானா?"

"கஞ்சிக் கள்ளன் வருவான். அவனுக்கு வாசம் வாற நேரந்தான் நேரம்."

ஸுல்பிகா பொட்டைத் தாண்டவில்லை, கத்தியோடு அங்கேயே நின்றாள். "நேத்து எனக்கு ஏன் கஞ்சி அனுப்பல்ல?"

அப்போதுதான் ஜுமானா திரும்பினாள். புகையில் கண் சிவந்திருந்தது. "அனுப்பல்லையா? அந்த வாங்குல வச்சன், ஜக்குல ஊத்தி, மூடி போட்டு. உங்கட பட்டியல்ல நீங்க என்ட பக்கம் எண்டு முஃபீதா சொன்னா. வேலி கட்டிக் கிடக்கு, வேலிக்கு மேலால எறியவா? கூப்பிட்டன்."

"எப்ப கூப்பிட்ட?"

"இருமினன். ரெண்டு தரம் இருமினன்."

"அது நீ கூப்பிட்டதா? நான் உனக்குச் சளி எண்டு நினைச்சன்."

"சளி பிடிச்சவள் பொட்டுக்கு நேரே வந்தா இருமுவாள்?"

ஸுல்பிகா வாங்கைப் பார்த்தாள். ஜக் நிலத்தில் உருண்டு கிடந்தது, மூடி ஒரு பக்கம், மண்ணில் குளம்பு அடையாளம். "அப்ப என்ட பங்கு?"

ஜுமானா முகத்தை முந்தானையால் துடைத்தாள். "பாங்கு சொல்லிச்சு, நாங்க உள்ள போய்ட்டம். வந்து பார்த்தா நாட்டுக் கழுதை நோன்பு திறந்து முடிச்சிட்டு."

முதலில் யார் சிரித்தது என்று இன்றைக்கும் அந்த ஒழுங்கையில் வாக்குவாதம் உண்டு. இரண்டு பேரும் சிரித்தார்கள், அடி பிடிக்கிற மணம் வரும்வரை சிரித்தார்கள். ஸுல்பிகா ஓடிவந்து துடுப்பைப் பிடுங்கிக் கிண்டினாள். பொட்டை எப்போது தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஜுமானா" என்றாள், கிடாரத்துக்குள் பார்த்தபடி. "மனுசருக்குப் போட்டும் நன்றி இல்ல எண்டு நீ சொன்ன."

"அதை நான் கழுதையைப் பார்த்துத்தான் சொன்னன்."

"என்னைப் பார்த்துச் சொன்ன."

"கண்ணு எரிஞ்சிச்சு ராத்தா, யாரு கழுதை யாரு மனுசர் எண்டு தெரியல்ல." பிறகு, தாழ்ந்த குரலில், "சொன்னது பிழைதான்" என்றாள்.

"கட்டினது என்ட பிழை" என்றாள் ஸுல்பிகா. "நல்லாக் கிண்டு, உனக்கு இண்டைக்குச் சோதனை இரிக்கு."

சோதனை ஸ்கூட்டியில் வந்தது. மிஹ்லார் ஒவ்வொரு வாசலாகக் கேட்டு, எட்டு வீட்டிலும் "அல்ஹம்துலில்லாஹ், வந்திச்சு" என்று கேட்டு, கடைசியாக ஸுல்பிகாவின் வாசலுக்கு வந்தார். பாயில் லாபிர் இருந்தார், கோப்பைகள் இருந்தன.

"கடைசி வீடு. நேத்து உங்களுக்கு வந்திச்சா, தங்கச்சி?"

ஸுல்பிகா நிமிர்ந்து நின்றாள். "இல்ல நானா. எட்டு வீட்டுக்குப் போச்சு. விடுபட்டது என்ட வீடு. பொட்டைக் கட்டினது நான், கட்டினதை மறந்து கணக்குப் போட்டதும் நான். கிடாரத்தை எடுக்கிறதெண்டா எடுங்க."

மிஹ்லாருக்குத் தான் வென்றது பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பொட்டுக்குள்ளால் ஜக்கோடு ஒரு தலை வந்தது.

"நிர்வாகம் என்ன சொன்ன? ஒரு வீட்டுப் பங்கு போகாட்டிக் கிடாரம் எடுக்கிறம் எண்டுதானே?" என்றாள் ஜுமானா. "பங்கு என்ட கிடாரத்தை விட்டுப் போச்சு. கழுதை நடுவுல வந்தா அதுக்கு ஒழுங்கை பொறுப்பில்ல."

"எந்தக் கழுதை?"

"பள்ளி வாசல்ல நீங்க பாண் போடுறீங்களே, அந்தக் கழுதை."

லாபிர் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தார். மிஹ்லார் தாடியைத் தடவினார். வீட்டில் பாண் ரொட்டி மிஞ்சினால் அவர் அதை யாருக்குப் போடுவார் என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

"இரிங்க நானா, நேரமாச்சு" என்று ஸுல்பிகா இன்னொரு கோப்பையை வைத்தாள். ஜுமானா ஊற்றினாள். ஆவி எழும்பியது. பாங்கு சொன்னது. மிஹ்லார் ஈத்தம்பழத்தைத் தின்று, ஒரு வாய் கஞ்சி குடித்து, கண்ணை மூடித் திறந்தார்.

"கிடாரம் மூணும் இருக்கிற இடத்துலயே இரிக்கட்டும்" என்றார். இன்னொரு வாய் குடித்தார். "ஆனா உங்கட கணக்குல ஒரு பிழை இரிக்கு. பத்து வீடு. அந்தக் கழுதையையும் சேருங்க. அதுக்கு ஒரு பங்கு வேலிக்கு வெளியில வைங்க, உள்ளுக்கு வராது."

அப்படியே நடந்தது. லாபிர் பொட்டுக்கு ஒரு சின்னப் படலை கட்டினார், கொக்கி வைத்து, ஆள் திறக்கலாம், கழுதை திறக்காது. மிஞ்சிய வலைக்கயிற்றை ஜுமானா கொடி கட்ட எடுத்துக்கொண்டாள். முஃபீதா ஒவ்வொரு நாளும் மூன்று கஞ்சியையும் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள், யாரும் அவள் தீர்ப்பைக் கேட்கவில்லை, ஆனால் மாபிளைப் பார்த்தார்கள். பெருநாளைக்கு அக்கீலா வந்தபோது வீதியால் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜுமானா வளவுக்குள் நுழைந்து, படலையின் கொக்கியைக் கழற்றி, "உம்மா, கோடு சரியா இரிக்கா எண்டு பார்க்க வந்தன்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். உம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் ஒழியவில்லை. வாயில் ஜுமானா ஊட்டிய வட்டிலப்பம் இருந்தது.

கதை அவ்வளவுதான், கண்ணுகளே. எழும்புமுன் கையை ஏந்துங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பானை பக்கத்து வீட்டுக்கும் எட்டுகிற அளவுக்குப் பொங்கட்டும், பக்கத்து வீட்டுப் பானை உங்களுக்கும் எட்டட்டும். உங்கள் பிள்ளைகள் எத்தனை தூரம் போனாலும் குனிந்து நுழைய ஒரு வழி உங்கள் வேலியில் திறந்தே இருக்கட்டும். உங்கள் குடியில் ஒருவர்கூடத் தனித்துப் போகாமல் ரப்பு காப்பாற்றி, பரக்கத் நிறைந்த வாழ்வைத் தருவானாக. ஆமீன்.